பிரிட்ஜ் தாசில்தார்

பணி ஓய்வு பெற்றதும் சிலர் காசிக்குப் போவார்கள். தாசில்தார் சார் நேரே வீட்டு பிரிட்ஜுக்கு வந்தார். அதுவரை அங்கே வெள்ளிக்கிழமைச் சாம்பார் அடுத்த வியாழன்வரை பட்டா இல்லாமல் குடியிருந்தது. சார் பொறுப்பேற்ற வாரமே ஆக்கிரமிப்பு அகற்றம் ஆரம்பமாகிவிட்டது.

இப்போது டப்பாவுக்கு டப்பா தேதிச் சீட்டு. பொரியலோ கூட்டோ, நான்கு நாள் தாண்டினால் குப்பைக்கூடைதான். "மோந்து பார்த்தேங்க, நல்லாத்தான் இருக்கு" என்று மனைவி சாட்சி சொன்னாலும் செல்லாது. (இதில் நான் சார் கட்சி. ஆளைப் படுக்க வைக்கும் கிருமிகள் பல, வாசனையே காட்டாமல் பெருகும்.) உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வேறு. 5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், கடைசியாகக் கதவைத் திறந்தது யார் என்று விசாரணை நடக்கும். கரண்ட் போனால் 144 தடை உத்தரவு. மூடியே இருந்தால் 4 மணி நேரம் குளிர் தாங்குமாம்; ஜில் தண்ணீர் கேட்கும் பேரனுக்கு மண்பானையைக் காட்டுவார்.

குண்டான் சாம்பாரை அப்படியே உள்ளே வைக்க விடமாட்டார். நடுவில் சூடு இறங்க நெடுநேரம் ஆகும் என்று அகலமான டப்பாக்களில் உட்பிரிவு செய்வார். டப்பா கழுவும் பொறுப்பு மட்டும் இன்னும் மனைவியின் பெயரிலேயே இருக்கிறது.

ஆனால் சாருக்குப் பரம எதிரி சோறுதான். வடித்து 2 மணி நேரத்துக்குள் உள்ளே போகாத சோறு அவருக்குச் சந்தேகக் கேஸ். "பேசில்லஸ் சீரியஸ்னு ஒண்ணு. உலை கொதிச்சாலும் அதோட வித்து சாகாது. சோறு வெளியில கிடந்தா முளைச்சு நஞ்சைக் கக்கும். அப்புறம் எத்தனை சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது." இதைக் கல்யாணப் பந்தியிலும் சொல்வார், பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குச் சோறு வாங்கும் நேரமாகப் பார்த்து.

சித்திரை பிறந்துவிட்டால் காலையில் சாருக்குப் பழைய சோறு வேண்டும். மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தவரிடம் மனைவி மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, இது ராத்திரி பூரா மேடையில கிடந்த சோறாச்சே?"

"அது லாக்டிக் அமிலம் பாத்துக்கும். வேற டிபார்ட்மென்ட். இன்னும் ரெண்டு கரண்டி போடு."