நடுத்தர பட்ஜெட் கணினிக்கு ஓர் அகத்திணையியல்

காதலை முதல், கரு, உரி என்று மூன்று பொருளில் அடக்கியவர்கள் நம் முன்னோர். அறுபதாயிரத்துக்கு மேல், எண்பதாயிரத்துக்குள், கேமும் ஆடவேண்டும் வேலையும் பார்க்கவேண்டும் என்று மேசைக் கணினி அசெம்பிள் செய்யப் புறப்படும் இளைஞனும் அதே இலக்கணத்துக்குள் அடங்குவான் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். இதுவரை எவரும் இதைச் செய்யாதது தமிழாய்வுத் துறையின் குறை, நம்முடையதன்று.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் அக்கம்பக்கமும். சிறுபொழுது, ஆபீஸ் விட்டு ஓடிவந்து ஷட்டர் இறங்குவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். பெரும்பொழுது, "அடுத்த மாசம் புது மாடல் வருது, இப்ப வாங்காதடா" என்று நண்பர்கள் சொல்லும் பருவம். இது ஆண்டு முழுதும் நிலவும்.

நடுத்தர பட்ஜெட் என்பது யாது? அப்பாவிடம் சொன்ன தொகையும் சொல்லாத தொகையும் கூடியது. அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கமா என்பது கொட்டேஷன் தாளின் அடியில் பொடி எழுத்தில் விளங்கும். பில் போடாமல் வாங்கினால் அது மிஞ்சுமே எனின், அற்றன்று. வாரண்டி குடியிருப்பது அந்தப் பில்லில்தான்.

இனிக் கருப்பொருள். கடைக்காரர் கேட்கும் முதல் வினா: "என்ன யூஸ் தம்பி?"

"வேலைக்குத்தான்ணே. எப்பவாவது கேம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே தாளின் முதல் வரியில் கிராபிக்ஸ் கார்டை எழுதுகிறார். வேலை முதன்மையா, விளையாட்டு முதன்மையா என்று உரையாசிரியர்கள் மயங்கும் இடம் இது. கடைக்காரர் மயங்குவதில்லை.

எழுதப்படும் பெயர் 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 என்று கொள்வோம். 8 ஜி.பி. நினைவகம், 115 வாட். 1080பி மானிட்டருக்குப் போதும். 2021-இல் வந்த 3060-க்கு 12 ஜி.பி. இருந்தது, 2025-இல் வந்த 5060-க்கு மறுபடி 8. தலைமுறை வளர வளர நினைவு ஏன் குறைகிறது என்ற வினாவைக் கடையில் எழுப்பினால் டீ சொல்வார்கள், விடை சொல்லமாட்டார்கள். பிளெண்டரிலும் வீடியோ எடிட்டிங்கிலும் உழல்வோருக்கு அந்தப் பழைய 12 இன்றும் கைகொடுக்கும்.

பிராசசரில் ஒரு நுட்பம் உண்டு. ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600, ஐ5 12400எஃப் ஆகிய இரண்டிலும் உள்ளிருந்து படம் காட்டும் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வாரண்டிக்குப் போனால் அது திரும்பும்வரை மானிட்டர் கறுப்புப் பலகை. மெய்யாகவே வேலைக்கு வாங்குபவன் சற்றுக் கூடக் கொடுத்து ரைசன் 5 7600-க்குப் போவதே முறை. அதில் சிறிய கிராபிக்ஸ் உண்டு. அது உட்காரும் ஏ.எம்.5 சாக்கெட்டை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்போம் என்று ஏ.எம்.டி.யும் சொல்லியிருக்கிறது. "வேலைக்குத்தான்" என்றவர்களில் எத்தனை பேர் இந்தக் காரணத்தைக் காதில் வாங்கினார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. ராம் ஒற்றைக் குச்சியாக அன்றி இரட்டையாக இருக்கட்டும். பயாஸில் எக்ஸ்போ என்னும் ராம் வேக அமைப்பை இயக்காதவரை, 6000 என்று காசு கொடுத்தது பெரும்பாலும் 4800-இல்தான் நடக்கும்.

கருப்பொருள்களில் தலையாயது தெய்வம். இத்திணையின் தெய்வம் எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளை. கேபினெட்டின் அடியில் மறைந்திருப்பது, எவரும் போட்டோ எடுக்காதது, சினந்தால் மதர்போர்டு முதல் கார்டு வரை பலி கொள்வது. கேபினெட்டோடு இலவசமாக வருவதன் மேல் "450 வாட்" என்று ஒட்டியிருக்கும். ஒட்டியவர் அளந்து ஒட்டினார் என்பதற்குச் சான்று அகப்படவில்லை. 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையோ அளந்து தரப்படுவது: 20, 50, 100 சதவீதச் சுமைகளில் முறையே 82, 85, 82 சதவீதத் திறன். மேற்சொன்ன பிராசசருக்கு 65, கார்டுக்கு 115, மற்றவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் 300 வாட்டைத் தாண்டாது. ஆகவே நல்ல கம்பெனியின் 550 வாட் பிரான்ஸ் ஒன்று போதும், அதற்குக் குறைந்தது வேண்டாம் என்பது இவ்வாசிரியர் துணிபு. ஆயினும் கொட்டேஷன் எகிறும்போதெல்லாம் வெட்டு விழுவது இந்த வரியில்தான். ஆர்.ஜி.பி. ஃபேன் மூன்றும் அப்படியே நிற்கும். அவற்றின் வண்ணம் ஒரு ஃபிரேமைக்கூடக் கூட்டாது. என்றாலும் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையா பார்க்கப் போகிறார்கள்?

உரிப்பொருள்களுள் இருத்தல், விலை இறங்கும் என்று காத்திருத்தல். இரங்கல், வாங்கிய மறுவாரம் இறங்கக் காண்டல். கைக்கிளை, 24 ஜி.பி. நினைவகமும் 450 வாட் பசியும் கொண்ட 4090-ஐ நள்ளிரவில் யூடியூபில் பார்த்துக் கிடத்தல். அது திரும்பிப் பார்ப்பதில்லை. பெருந்திணை, பழைய ஐ3-யோடு புதுக் கார்டைப் பிணைத்தல். இவ்விடத்துக் கார்டு பாதி நேரம் பிராசசரின் வரவு நோக்கிச் சும்மா இருக்கும் என்க.

கேபினெட்டுக்கு வெளியே உள்ளவை புறம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸில் 60-ஐ மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஆடுவோரும், கார்டில் செருகவேண்டிய கேபிளை மதர்போர்டில் செருகுவோரும் இப்பகுதிக்குரியர். எஞ்சியது யு.பி.எஸ். வீடுகளில் வழங்கும் 600 வி.ஏ. பெட்டி தருவது 360 வாட் அளவே. எக்செல் திறந்திருக்கும்போது கரண்ட் போனால் கணினி சில பத்து வாட்டில் சிக்கனமாக இருக்கும். பெட்டியும் நிதானமாகக் கூவிக்கொண்டு கால் மணி நேரம் வரை தாங்கும். கேம் ஓடினால் ஓரிரு நிமிடத்தில் கூவல் நின்று எல்லாம் அணையும். வேலையா விளையாட்டா என்று உரையாசிரியர்கள் மயங்கிய வினாவுக்கு அளவையால் விடை தரும் கருவி இது ஒன்றே. எதிர் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு இதை எவரும் எடுத்துச் சொல்லாதிருத்தல் நலம்.