பொருந்தும், ஆனால் ஓடாது

2000-ஆம் ஆண்டில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஓசூர் தொழிலாளிக்கு இரண்டு வழிகள் இருந்தன. பிராண்டட் மிஷின் என்றால் தவணை கட்டி மாளாது. உதிரிகளைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்துகொண்டால் ஏறக்குறைய பாதி விலையில் முடிந்துவிடும். சிப்காட்டில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்த எனக்கு இரண்டாவது வழிதான் கட்டுப்படியானது. கையில் காசு குறைவு என்பதாலேயே கற்றுக்கொண்ட வித்தை அது. இப்போது என் அண்ணன் மகள் அதே ஊரில் தன் முதல் கம்ப்யூட்டருக்கு உதிரி தேர்ந்தெடுத்தபோது கணக்கு தலைகீழாக மாறியிருந்தது. அவள் போட்ட பட்டியலின் விலைக்கு ஒரு லேப்டாப்பே வந்துவிடும், திரையும் பேட்டரியும் சேர்த்து. இல்லாதவர்கள் போன பாதை இருப்பவர்களின் விருப்பமாகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்தப் பாதையில் கிடைத்த படிப்பு அப்படிப்பட்டது.

டூல் ரூமில் பொருத்தம் பார்க்க எங்களுக்கு கேஜ் உண்டு. துளையைச் சோதிக்கும் பிளக் கேஜின் ஒரு முனை 'கோ', மறுமுனை 'நோ-கோ'. கோ முனை உள்ளே போக வேண்டும், நோ-கோ முனை போகக் கூடாது. இரண்டும் சரியென்றால் துண்டு பாஸ். அளவுப்படி உட்கார்ந்த பொருள் வேலை செய்யும் என்பதுதான் எங்கள் தொழிலின் அடிப்படை நம்பிக்கை. கம்ப்யூட்டர் உதிரிகளிடம் அந்த நம்பிக்கை செல்லாது. பிராசசர் அச்சாக உட்காரும், திருகு இறுகும், விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். வடிவம் பொருந்துவது ஒன்று, வோல்டேஜ் பொருந்துவது இன்னொன்று, மதர்போர்டில் எழுதி வைத்திருக்கும் பயாஸ் அந்தச் சில்லை அடையாளம் கண்டுகொள்வது மூன்றாவது. மூன்றையும் பிரித்துப் பார்க்க அன்று நான் கட்டிய மிஷின்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அன்றைக்கு இந்த அறிவு வாய்வழியாகத்தான் வந்தது. தினமலரின் கம்ப்யூட்டர் மலரும் 'தமிழ் கம்ப்யூட்டர்' இதழும் படிப்போம். ஆனால் கைக்கு வேண்டியதைச் சொன்னது எங்கள் டூல் ரூம் சீனியர் ஒருவர். அவர் வீட்டில் பழைய ஏ.டி. கேபினெட் மிஷின் இருந்தது. அதன் மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு தனித்தனி பிளக்குகள் வரும். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும், போர்டு எரிந்துவிடும். "கறுப்பும் கறுப்பும் ஒட்டி நிக்கணும்பா" என்பார். இரண்டு பிளக்கிலும் உள்ள கறுப்பு வயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும் என்று அர்த்தம். ஹார்டு டிஸ்க்கின் பட்டை கேபிளுக்கு "சிவப்புக் கோடு பவர் பக்கம்". டிஸ்க்கும் சி.டி. டிரைவும் ஒரே கேபிளில் போனால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ், ஜம்பரைப் பார்த்து மாற்று. ஆன் செய்ததும் ஒரே ஒரு சின்ன பீப் வந்தால் நலம், நீளமாகக் கத்திக்கொண்டே இருந்தால் ராமைக் கழற்றித் திரும்பச் செருகு. புத்தகத்தில் பத்துப் பக்கம் எடுக்கும் விஷயம் அவர் வாயில் நான்கு சொல்லில் முடியும். இப்படிப்பட்ட மனிதர்கள் அன்று சிப்காட்டின் எல்லா ஷிஃப்டிலும் இருந்தார்கள். இந்த ஊரின் தொழில் வரலாற்றை யாராவது எழுதினால் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகளை எழுதுவதோடு இவர்களையும் எழுத வேண்டும்.

உதிரி வாங்க பெங்களூர்தான், சதர் பத்ரப்பா ரோடு. யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, எஸ்.பி. ரோடு. ஓசூரில் பஸ் ஏறினால் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று நாற்பது கிலோமீட்டர். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் 2010-ல்தான் திறந்தது, அதுவரை பொம்மனஹள்ளியில் பஸ் நின்றால் நின்றதுதான். எஸ்.பி. ரோட்டில் ஒரு ஆள் அகலக் கடைகள், சுவர் முழுக்க மதர்போர்டு டப்பாக்கள். தமிழும் கன்னடமும் இந்தியும் தெலுங்கும் ஒரே பேரத்தில் கலந்து வரும், எல்லைக்காரர்களான எங்களுக்கு அது பழக்கம்தான்.

அங்கேதான் 370 பின் விவகாரத்தை முதன்முதலில் நேரில் பார்த்தேன். இன்டெல்லின் செலரான் பிராசசர் அப்போது சாக்கெட் 370 என்ற இருக்கையில் உட்காரும். அதற்கு முன்பு வந்த மெண்டசினோ வகைச் செலரானுக்கு 2 வோல்ட் வேண்டும். 2000-ல் வந்த செலரான் 566, 600 எல்லாம் காப்பர்மைன் வகை, தொடக்கத்தில் அவற்றுக்கு 1.5 வோல்ட் போதும். இரண்டுக்கும் அதே 370 கால்கள், அதே சதுரம். ஆனால் பழைய போர்டின் மின்சீராக்கி அவ்வளவு கீழே இறங்காது, சில பின்களின் வேலையும் மாறியிருந்தது. பழைய ஸ்டாக் போர்டு ஒன்று மலிவாகக் கண்ணில் பட, அதைக் காட்டிக் கேட்டேன். கல்லாவுக்குப் பின்னால் நின்ற தமிழ்ப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "அது உக்காரும்ணா, ஆனா எழுந்திருக்காது" என்றான். இரண்டு பிராசசர்களையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். பழையதன் தலையில் சில்லை உலோகத் தகடு மூடியிருந்தது. புதியதில் பச்சைப் பலகையின் நடுவே சிலிக்கான் சில்லு வெறுமையாக, நகக்கண் அளவில், நீலம் பாய்ந்த கறுப்பில் மின்னியது. பெயரும் எண்ணும் மறந்தாலும் கண்ணால் பிரித்துவிடலாம். விற்றுத் தள்ளியிருக்கக் கூடிய போர்டை வேண்டாமென்று எடுத்து வைத்த அந்தப் பையனை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் வாங்கியது இன்டெல் 810 சிப்செட் போர்டு. திரைக்கான கிராஃபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கும், தனிக் கார்டுக்குக் காசு வேண்டாம். பதிலுக்கு ஏ.ஜி.பி. ஸ்லாட் கிடையாது, பின்னால் நல்ல கார்டு போட ஆசை வந்தாலும் போட இடமில்லை. கம்ப்யூட்டர் உதிரியில் ஒவ்வொரு மிச்சமும் எதிர்காலத்தின் ஒரு கதவை மூடித்தான் வரும். அதைத் தெரிந்தே மூடுவதுதான் தேர்ந்தெடுப்பது. ராம் 64 எம்.பி., பி.சி.100. வேகமான ராம் மெதுவான போர்டுக்கு இறங்கி வரும், மெதுவான ராமால் ஏறிப் போக முடியாது. சீனியர் அதே அளவு ராமை அதற்கு முந்தைய தீபாவளி போனஸில் என்னைவிட அதிக விலைக்கு வாங்கியிருந்தார். 1999 செப்டம்பர் 21-ல் தைவானில் பெரிய நிலநடுக்கம் வந்து, அங்கே சில்லு ஆலைகள் நின்று, உலகம் முழுக்க மெமரி விலை ஏறியிருந்தது. அங்கே பூமி நடுங்கியதற்கு ஓசூர் ஃபிட்டரின் போனஸ் பதில் சொன்னது.

திரும்பும்போது மாநில எல்லையில் வணிகவரிச் செக்போஸ்ட். மானிட்டர் டப்பாவோடு பஸ்ஸில் வருகிறவரை பில் கேட்பார்கள். பில் போட்டால் ஒரு ரேட்டு, போடாவிட்டால் ஒரு ரேட்டு என்று கடைக்காரர் சொல்லும்போதே இந்தச் செக்போஸ்ட்டும் கணக்கில் இருக்கும். நான் பில் போட்டே வாங்கினேன். வாரண்டி வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

பூட்டியது வீட்டுக் கூடத்தில், சிமென்ட் தரையில். ஹீட்சிங்க்கின் கம்பிக் கொக்கியை சாக்கெட்டின் காதில் மாட்ட ஸ்க்ரூடிரைவரால் அழுத்த வேண்டும். சாய்வாக அழுத்தினால் அந்த வெறும் சில்லின் மூலை பெயர்ந்துவிடும், நழுவினால் போர்டின் செப்புக்கோடு அறுந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேர் மேலிருந்து, ஒரே அழுத்து. பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதுகில் உள்ள சிவப்பு சுவிட்ச். அதில் 115 என்று தெரிந்தால் நம் ஊர் 230 வோல்ட்டுக்கு வெடிச்சத்தத்தோடு போய்விடும், 230 தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளக். ஒரு பீப் வந்தது. அந்த வருட ஆயுத பூஜையில் லேத்துக்கு வைத்தது போலவே கேபினெட்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம்.

இனி இன்றைக்கு வருகிறேன். அண்ணன் மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். 3டி டிசைன் சாஃப்ட்வேர் ஓட வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்த வேண்டும், அதனால் லேப்டாப் வேண்டாம் என்று பிடிவாதம். பஸ் ஏற வேண்டிய தேவை இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு எல்லையில் வணிகவரிச் சோதனையும் ஓய்ந்தது, டப்பா வீட்டு வாசலுக்கே வருகிறது. உதிரிகளைப் போனில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் எது எதோடு சேராது என்று பட்டியலே சொல்லிவிடுகிறது. கேபினெட்டுக்குள் கிராஃபிக்ஸ் கார்டு அடங்குமா, கூலரின் உயரம் இடிக்குமா என்பதுவரை வருகிறது. நாங்கள் வாய்வழி கேட்டுச் சேர்த்ததெல்லாம் இப்போது ஒரு விரல் தூரத்தில். இது நல்லதுதான், எனக்கு அதில் குறையே இல்லை.

ஆனால் 370 பின் விவகாரம் வேறு எண்ணில் திரும்ப வந்தது. அவள் எடுத்தது ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி. அந்த 'ஜி' முக்கியம், உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது என்று பொருள். ஜி இல்லாத 5600-ஐ வாங்கினால் தனிக் கார்டு போடும்வரை படமே வராது. போர்டு, கல்லூரி சீனியரிடம் வாங்கிய பழைய பி550. இருக்கை ஏ.எம்.4, 1331 பின், அச்சாகப் பொருந்தும். பட்டியலிலும் பச்சை விளக்குதான், கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: பயாஸ் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். போர்டு வகை 2020-ல் வந்தது, பிராசசர் 2021-ல். பழைய பயாஸுக்கு அந்தப் பிராசசரைத் தெரியாது. "சித்தப்பா, நீங்க சொல்வீங்களே, உக்காரும், எழுந்திருக்காது, அதுதான் இது" என்றாள். அந்தச் சின்ன எழுத்தை அவள் கடந்து போகவில்லை, எனக்குப் பெருமையாக இருந்தது. போர்டின் பின்புறம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருந்தது. புதிய பயாஸ் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, அதற்கென்று குறித்த யு.எஸ்.பி. துளையில் செருகி, பிராசசரே இல்லாமல், பவர் மட்டும் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அது தானாக நிற்கும்வரை கரண்ட் போகக் கூடாது. என் பழைய யு.பி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு போய் வைத்தேன்.

ராம் விலையும் திரும்ப வந்தது. 2025 கடைசியில் மெமரி விலை எகிறியது. இந்த முறை பூமி நடுங்கவில்லை; செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போயின. டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும் ஏ.எம்.5 பக்கம் போகாமல் அவள் டி.டி.ஆர்.4-ல் நின்றதற்கு அதுவும் காரணம். இரண்டு வகை ராமுக்கும் 288 பின்தான், நடுவெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும், தப்பாகச் செருகவே முடியாது. வடிவமே காவல் நிற்கும் இடம் இது, சுத்தமான கோ, நோ-கோ.

இந்த இருபத்தைந்து வருடத்தில் ஊரும் மாறிவிட்டது. உதிரிக்காக எல்லை தாண்டிப் போன இதே ஓசூரை ஒட்டி டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உடற்கூடு தயாராகிறது. கிருஷ்ணகிரி போகும் வழியில் குருபரப்பள்ளியில், மின்வழங்கிகளுக்கு உலகப் பெயர் பெற்ற தைவானின் டெல்டா ஆலை வைத்திருக்கிறது. விடியற்காலையில் கம்பெனி பஸ்களில் இளம்பெண்கள் போகிறார்கள், பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் தொலைவிலுள்ள ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். நாங்கள் தொட்டதைவிட ஆயிரம் மடங்கு நுட்பமான பொருள் அவர்கள் கையில் புழங்குகிறது. ஆனால் எதை எதோடு சேர்ப்பது என்று ஒருமுறையாவது தீர்மானிக்கும் வாய்ப்பு லைனில் யாருக்கும் கிடையாது. அவர்கள் வைத்திருக்கும் போனைத் திறந்தால் மெமரி சால்டர் செய்து ஒட்டியிருக்கும், மாற்ற முடியாது. கோப்பதிலேயே பிழைக்கும் ஊரில் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போவதை ஒரு பழைய ஃபிட்டராக என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் ஊர் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஒவ்வொரு மாணவரும் பழைய உதிரிகளைக் கொண்டாவது ஒரு மிஷினைத் தானே தேர்ந்தெடுத்துக் கட்டி முடிக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

வழி முழுக்க அடைபட்டுவிடவும் இல்லை. எங்கள் பக்கத்துப் போர்ஷனில் பென்னாகரத்துப் பெண் ஒருத்தி ஆலை வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு படிக்கிறாள். அவள் கையில் இருந்த பணத்துக்குப் புதிய உதிரி ஒன்றிரண்டுதான் வரும். பெங்களூரின் ஐ.டி. கம்பெனிகள் கழித்துப் போடும் ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்றை அண்ணன் மகள் பார்த்துக் கொடுத்தாள். இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, சின்னக் கேபினெட். அதற்கும் கண்டிஷன்கள் உண்டு. அதன் எஸ்.எம்.பி.எஸ். பிளக் கடையில் கிடைக்கும் 24 பின் வகை இல்லை, அதைத் தயாரித்த கம்பெனிக்கே உரிய வடிவம். பழுதானால் அதே வகையைத் தேட வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு போடுவதென்றால் பாதி உயரக் கார்டாக, ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடுவதாக இருக்க வேண்டும். இதெல்லாவற்றையும் அந்தப் பெண் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். சைடு மூடியைத் திறந்து, ராம் ஸ்லாட் இரண்டில் ஒன்று காலி என்று அவளே பார்த்துச் சொன்னாள்.

அடுத்த சம்பளத்தில் இன்னொரு 8 ஜி.பி. போடலாம் என்று மூவரும் பாகலூர் ரோட்டுக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். நானும் அண்ணன் மகளும் பேசுவதற்குள் அவள் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, ஸ்டிக்கரைப் படித்தாள். "இது பிசி3-ங்க. எங்க போர்டு பிசி4" என்று திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரர் வேறு டிராயரைத் திறந்தார்.