சாய்கோட்டுக்கு ஒரு சிபாரிசு

மென்பொருளுக்குப் புது வசதி கேட்பதில் ஆளுக்கொரு ஆசை. ஒருவருக்குக் கறுப்புத் திரை வேண்டும். இன்னொருவருக்கு நிரல் தன்னைத்தானே எழுதிக்கொள்ள வேண்டும். ஈப்போ தமிழர்களின் கோரிக்கை சிறியது: எங்கள் அப்பாவை உள்ளே விடுங்கள்.

2001-இல் வந்த மலேசிய அடையாள அட்டையான மைகார்டிலும் எங்கள் பெயர் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்), ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) என்று அப்பா பெயருக்கு முன் சாய்கோட்டோடுதான் இருக்கிறது. “அட்டையில் உள்ளபடியே நிரப்பவும்” என்கிறது இணையப் படிவம். நிரப்பினால், “சிறப்புக் குறிகளுக்கு அனுமதியில்லை” என்று அதுவே சிவக்கிறது.

கணினியைக் குறை சொல்லி என்ன பயன்? யூனிக்ஸில் சாய்கோடு கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. விண்டோஸ் கோப்புப் பெயர்களில் விலக்கிவைத்த ஒன்பது குறிகளில் அதுவும் ஒன்று. ஆக, முனியாண்டி ஏ/எல் கருப்பையா என்பவர் மனிதரல்லர். ‘முனியாண்டி ஏ’ என்ற கோப்புறைக்குள் கிடக்கும் கோப்பு.

அடுத்த கட்டம், ‘குடும்பப் பெயர்’. கட்டாயம். அப்பா பெயரைப் போட்டால், “அன்புள்ள கருப்பையா, பாரிசுக்குச் சலுகைக் கட்டணம்!” என்று மடல் வருகிறது. சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் ஆயுள் முழுக்க மரம் சீவியவருக்கு இந்த மரியாதையாவது கிடைத்ததே.

பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் 40 பொய்களை 2010-லேயே பேட்ரிக் மெக்கென்ஸி என்ற நிரலாளர் பட்டியலிட்டுவிட்டார். நிரலாளர்கள் அதைப் படித்து, சிரித்து, பாராட்டி, மறுநாள் அதே படிவத்தைக் கட்டினார்கள்.

செயற்கை நுண்ணறிவு தாராளமாகக் கவிதை எழுதட்டும். அதற்குமுன் ஒரு கோட்டைச் சகித்துக்கொள்ளப் பழகட்டும்.