முக்கொம்பும் ஒற்றைக் கொம்பும்

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் பாட்டுக் கோப்புகளை அனுப்ப பென்டிரைவ்தான் வழியா?
– வாசகர், திருவையாறு

ஐந்து ஆறு பாயும் ஊர்க்காரர் வாளி தேடலாமா? கறுப்புத் திரையைத் திறந்து எஸ்சிபி கட்டளையைத் தட்டுங்கள். 2018 முதல் விண்டோஸ் 10-லேயே அது இருக்கிறது. லினக்ஸ் பக்கம் எஸ்எஸ்எச் சர்வர் ஓடட்டும். அந்த மதகு மூடியிருந்தால் ஒரு சொட்டும் போகாது.

மேக்கிலிருந்து லினக்ஸுக்கு ஆர்சிங்க் கட்டளையில் கோப்புகளை அனுப்பினேன். 'திருவையாறு' ஒழுங்காக வந்தது. 'கொள்ளிடம்' என்ற பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு கோப்பு. இப்போது அதே பெயரில் இரண்டு! எப்படி?
– வாசகி, திருவையாறு

முக்கொம்பில் பிரிகிற கொள்ளிடம், உங்கள் கணினியில் ஒற்றைக் கொம்பிலேயே பிரிந்துவிட்டது!

யூனிகோடில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டும் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு எப்போதும் பிரித்தே வைக்கும். 'வை'யின் குறி பிரியாது, உங்கள் ஊர் தப்பியது. சோழனும் கோயிலும் கௌரியும் தப்ப மாட்டார்கள்.

ஆர்சிங்க் 3.0 அல்லது அதற்குப் பிந்தையதை மேக்கில் போட்டு, அதன் ஐகான்வ் என்ற விருப்பத்தில் 'யூடிஎஃப்-8-மேக், யூடிஎஃப்-8' என்று கொடுங்கள். கொம்பும் காலும் சேர்ந்துவிடும். அதற்கு முன் இரண்டு கோப்பையும் திறந்து பாருங்கள். பெயர்தான் ஒன்று, உள்ளே இருப்பது வேறு வேறு கச்சேரியாக இருக்கலாம்.