இன்னும் கொஞ்சம் ஏத்துங்கோ

நேற்றைய கச்சேரியில் பாடகர் வர்ணத்தையே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் ஆள்காட்டி விரல் மேலே போய்விட்டது. சபைக்குப் புதியவர் யாராவது இருந்திருந்தால் மேற்கூரையில் பல்லி ஏதும் ஓடுகிறதோ என்று அண்ணாந்திருப்பார். பழகினவர்கள் எல்லோரும் மைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாம் வரிசையில் இருந்த இக்கட்டுரைக்காரரும் பார்த்தார். வீட்டில் ஃப்யூஸ் போனால் எலக்ட்ரீஷியன் வரும்வரை இருட்டில் உட்காரும் ரகம்தான். ஆனால் மிக்சரைக் கண்டால் கை அரிக்கும். கெயினை எப்படி முறையாக வைப்பது என்பதை இரண்டே வரியில் சொல்லிவிடலாம் என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் விரல். பாடகருக்கு ஏறியதும் வயலின் வித்வானுக்கு வயலின் கேட்காமல் போயிற்று. மார்பில் சாத்தி வைத்திருக்கும் வயலின்! இரண்டு கையும் வேலையாக இருந்ததால் வில்லாலேயே மேலே காட்டினார். மிருதங்கக்காரர் வலது கையை நிறுத்தாமல் இடது கையைத் தூக்கினார். கடக்காரர் புருவத்தைத் தூக்கினார். இப்போது பாடகருக்குத் தன் குரல் கேட்கவில்லை, மறுபடி விரல். ஆலாபனை தார ஸ்தாயிக்குப் போனபோது கூடவே கையும் போயிற்று. ஏறுவது சங்கதியா, வால்யூமா என்று மைக்காரருக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஏற்றிவிட்டார். தம்பூராக்காரப் பெண் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அதனால் தம்பூராவும் கேட்கவில்லை. இத்தனை வருஷக் கேள்வி ஞானத்தில், குறைக்கச் சொல்லிக் கட்டை விரலைக் கீழே காட்டிய வித்வான் ஒருவரைக்கூடக் கட்டுரைக்காரர் பார்த்ததில்லை.

விரலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது 'ஏதோ கொஞ்சம்'. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டித்தாலோ, ஃபீட்பேக் கிளம்புவதற்கு முன் மிச்சமிருக்கும் இடத்தில் 3 டெசிபல் கரைந்துவிடும். நேற்று நிரவலின் நடுவே அது கரைந்து முடிந்தது. கொய்ங்.

இனி அந்த கெயின். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். பிரீஆம்ப் அதைத் தூக்கி நிறுத்துகிறது; அந்தத் தூக்கல்தான் கெயின். அங்கேயே அளவுக்கு மீறித் தூக்கிக் குரல் கிழிந்துவிட்டால், அப்புறம் ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் கேட்பது கிழிசல்தான், சற்று மெதுவாக.

பேஸ், ட்ரெபிள் விவகாரம் இன்னும் மோசம். பீட்டர் பாக்ஸண்டல் 1952-இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் வெளியிட்ட டோன் கன்ட்ரோல் சர்க்யூட்டில் குமிழ் நடுவில் நின்றால் ஒலி உள்ளபடியே போகும். நம் ஊரில் நடுவில் நிற்கும் குமிழைப் பார்த்தால் வேலையே நடக்கவில்லை என்று சந்தேகம் வந்துவிடுகிறது. ஆகவே பேஸ் ஒரு முறுக்கு, ட்ரெபிள் ஒரு முறுக்கு. பாட்டின் சொற்கள் குடியிருக்கும் 'மிட்' மட்டும் பள்ளத்தில்.

இதில் பாவப்பட்டது மிருதங்கம். அதன் வலப்பக்கத்துக் கருப்புக் கரணைதான் தோல் வாத்தியத்துக்கு இசைவான மேற்சுரங்களைத் தருகிறது என்று சி.வி. ராமன் 1920-லேயே எழுதிவிட்டார். இடப்பக்கத் தொப்பிக்கு எவ்வளவு கார்வை வேண்டும் என்று ரவையைக் குழைத்து அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்து, மறுபடி தட்டி வித்வான் சரிபார்க்கிறார். அந்த ஈக்வலைசர் வேலையை மைக்காரர் ஒரே திருகலில் தீர்த்துக் கட்டினார். அதன்பின் தொப்பியில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் முன்வரிசை நாற்காலிகள் அதிர்ந்தன.

தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கட்டுரைக்காரர் எழுந்து போய் சபா செயலாளரைப் பிடித்தார். ராமனிலிருந்து பாக்ஸண்டல் வரை மூச்சு விடாமல் சொன்னார். செயலாளர் மிகுந்த சிரத்தையோடு காதருகே கையைக் குவித்துக்கொண்டார்.

"சார், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ. ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கறோமில்லையா!"