யாரும் கேள்விப்படாத நாடு

2025 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நின்று லெசோத்தோவின் பெயரைச் சொன்ன ட்ரம்ப், அது யாரும் கேள்விப்படாத நாடு என்றார். அவையில் சிரிப்பு. அந்த நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார். வைரஸ் மட்டும் எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறது.

பூகோளப் பாடம் அதோடு முடியவில்லை. காசாவுக்கு 5 கோடி டாலருக்கு ஆணுறை போகவிருந்தது, தடுத்துவிட்டோம் என்று ஜனவரியிலேயே வெள்ளை மாளிகை மார்தட்டியது. அந்த ஆணுறை மூட்டையை இன்றுவரை யாரும் கண்டதில்லை. மொசாம்பிக்கிலும் காசா என்றொரு மாகாணம் உண்டு; அங்கே அமெரிக்கப் பணத்தில் நடந்தது எச்.ஐ.வி., காசநோய்ப் பணி. இதைப் பற்றிக் கேட்ட நிருபரிடம், நான் சொல்வதில் சிலது தப்பாகத்தான் இருக்கும் என்றார், ட்ரம்ப் அரசின் செலவுக் குறைப்பை அப்போது முன்னின்று நடத்திய ஈலான் மஸ்க். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டை மரம் அரைக்கும் இயந்திரத்தில் போட்டு அரைத்ததாகப் பீற்றிக்கொண்டவரும் இவரே. பிறந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. தாய்மண்ணுக்கு நல்ல கைம்மாறு!

ட்ரம்பின் ஜனவரி 20 உத்தரவு சொன்னது இதுதான்: வெளிநாட்டு உதவியை மறுஆய்வு செய்ய வேண்டும், அதுவரை 90 நாள் நிறுத்தம். கோப்பு 90 நாள் தூங்கும், வைரஸ் தூங்குமா? தினம் ஒரு மாத்திரை விழுங்கும்வரை அடங்கிக் கிடக்கும், நிறுத்தினால் சில வாரங்களில் தலைதூக்கும். அந்த மாத்திரைக்குப் பணம் கொடுத்துவந்த அமெரிக்க எச்.ஐ.வி. உதவித் திட்டத்தை 2003-ல் தொடங்கிய அதிபர் புஷ்ஷும் ட்ரம்பின் கட்சிக்காரர்தான் என்பது வெள்ளை மாளிகைக்கு மறந்தே போயிற்று.

கூச்சல் எழுந்ததும் கருணை பிறந்தது. சிகிச்சைக்கு விலக்கு கிடைத்தது; தொற்றாமல் தடுக்கும் மாத்திரையோ கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மட்டும். மற்றவர்கள்? முதலில் நோயை வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்.

ஆப்பிரிக்கத் தலைவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று 2001-ல் அபுஜாவில் கூடிச் சத்தியம் செய்தார்கள். பெரும்பாலான நாடுகளில் அது காகிதத்தோடு நின்றது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை. ஆனால் எறிந்தது துரைமார். அம்மணமாய் நிற்பது ஏழை.

மூன்று மருந்து சேர்ந்த அந்த ஒற்றை மாத்திரை, 2023-லேயே ஒருவருக்கு ஓராண்டுக்கு 45 டாலருக்கும் குறைவாக இருந்தது. 90 நாளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 11 டாலர். உலகின் முதல் பணக்காரரான மஸ்க் உட்கார்ந்து மிச்சம் பிடித்தது இதைத்தான்.