ஒப்புக்குச் சப்பாணி விசாரம்

கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டில் வந்து குவிகிற பேரன் பேத்திகளுள், ஓடத் தெரியாவிட்டாலும் ஓடுகிறவர்களின் பின்னால் ஓடவும், எண்ணத் தெரியாவிட்டாலும் எண்ணுகிறவர்களோடு சேர்ந்து கூவவும், விதி இன்னதென்று அறியாவிட்டாலும் பிறர் விதி தவறினார்கள் என்று முறையிடவும் வல்லவராய், ஏறக்குறைய மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்டு நிற்கும் ஒருவரை, எல்லா ஆட்டத்திலும் சேர்த்துக்கொண்டு எந்த ஆட்டத்திலும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் நடத்திவருகிற ஏற்பாட்டுக்கே ஒப்புக்குச் சப்பாணி என்று பெயர். யாப்புக்கும் அணிக்கும் நூல் செய்தவர்களும், யானைக்குக்கூட வைத்திய சாஸ்திரம் எழுதி வைத்தவர்களுமான நம் முன்னோர், இவ்வளவு பெரிய விஷயத்தைப் பற்றி ஒரு சூத்திரமும் செய்யாது போனது ஆச்சரியத்துக்குரியது. ஒருகால் அவர்கள் எல்லாருமே பால்யத்தில் இந்த ஸ்தானத்தை வகித்தவர்களாய் இருந்து, பிற்காலத்தில் அதை வெளியிட மனமின்றி விட்டிருக்கலாம்.

முதலில் இதன் உற்பத்தி. பெரிய குழந்தைகளின் கருணையிலிருந்தே இந்த ஏற்பாடு பிறந்தது என்பது பூர்வபட்சம். ஐந்து நிமிஷம் அவர்களைக் கவனித்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். மே மாதத்துக் கத்திரி வெயில் முற்றத்தில் நெருப்பாய் விழ, மாம்பழமும் தயிர்சாதமுமாய் மதியச் சாப்பாடு முடிந்து, அடுப்படியை மெழுகிவிட்டு வந்த ஸ்திரீகள் கூடத்துத் தரையில் தலையணைகூட இல்லாமல் சாய்ந்து, கண் செருகப் போகிற அந்த நொடியில், திண்ணைப் பக்கமிருந்து "என்னைச் சேத்துக்க மாட்டேங்கறாங்க" என்று ஓர் ஓலம் எழும்பும். உடனே, படுத்தவர் படுத்தபடியே, கண்ணைத் திறவாமலே, "டேய், அவனையும் ஒப்புக்குச் சேத்துக்குங்கடா" என்று ஓர் ஆக்ஞை பிறக்கும். ஆகவே தாய்மாரின் மத்தியான உறக்கமே இதற்கு மூல காரணம் என்பது சித்தாந்தம். கருணை என்பது பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னது.

இனி இந்த ஸ்தானத்துக்குரிய பாத்தியதைகள். இவை ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடுவதால் சற்று நின்று ஆராயவேண்டும். தாயம் என்ற ஆட்டத்தில், ஒவ்வொன்றுக்கும் நான்கு முகமுள்ள இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டினால், ஒரு முகம் வெறுமையாகவும் மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளோடும் இருப்பதால், விழக்கூடிய 16 வகைகளில் 2 வகைக்கே தாயம் என்ற ஒன்று விழும். அது விழுந்தாலொழிய காயைக் களத்தில் இறக்கலாகாது. வயதில் மூத்தவர்கள் கட்டையைக் கன்னத்தில் ஒற்றி, குலதெய்வத்தை வேண்டி, அரைமணி நேரம் உருட்டியும் தாயம் விழாமல் உட்கார்ந்திருக்கையில், நம்முடைய நாயகர் உருட்டிய கட்டை அலமாரிக்கடியில் போய் மறைந்தாலும் அது தாயம்தான். அவர் காய் எந்தக் கட்டத்தில் வைக்கப்படுகிறதோ அந்தக் கட்டமே அதற்குரிய கட்டம். கல்லா மண்ணா ஆட்டத்தில் ஒரு கால் கல்லிலும் ஒரு கால் மண்ணிலுமாக நின்றுகொண்டு இரு கட்சியாராலும் பிடிக்கப்படாமல் வாழும் ராஜதந்திரம் அவருக்கு மட்டுமே அநுமதிக்கப்பட்டது.

கண்ணாமூச்சியில் விவகாரம் இன்னும் சிக்கலானது. அவர் ஒளிந்துகொள்வதும் ஒன்றுதான், ஒளியாமல் தேடுகிறவனின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவதும் ஒன்றுதான். ஆனால் நெல் குதிருக்குப் பின்னால் இருக்கும் அக்காவை விரல் நீட்டிக் காட்டிக்கொடுக்கிற அதிகாரம் ஒன்று அவரிடம் இருப்பதால், ஒளிகிறவர்கள் முன்கூட்டியே அவருக்குப் பொரிவிளங்காய் உருண்டையோ அரை நுங்கோ கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். வாங்கிக்கொண்டும் காட்டிக்கொடுப்பார் என்பது வேறு விஷயம். பல்லாங்குழிக்கு அவரைச் சேர்ப்பதில் மட்டும் பெரியோர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. 14 குழிகளுக்கும் ஐந்தைந்தாக இட்ட 70 புளியங்கொட்டைகளில் ஒன்று அவர் மூக்கினுள் சென்றுவிட்டால், வீடு முழுவதும் விழித்தெழுந்துவிடுமாதலால், எந்த உறக்கத்தின் பொருட்டு இந்த ஏற்பாடு சிருஷ்டிக்கப்பட்டதோ அந்த உறக்கமே அதனால் நாசமாகிறது.

பாத்தியதை இருக்குமிடத்தில் கடமையும் இருக்கவேண்டுமல்லவா? வடாம் காவல் அதற்கென்றே வகுக்கப்பட்டது. மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துப் பிழிந்த வடாத்துக்குப் பக்கத்தில், கையில் ஒரு குச்சியும் தலையில் ஈரத் துண்டுமாய், நிழலில் அவர் உட்கார்த்தி வைக்கப்படுவார். காக்கைகள் அவரைப் பொருட்படுத்துவதில்லை. அரைகுறையாய்க் காய்ந்து, மேலே மொறுமொறுப்பும் உள்ளே மெதுமெதுப்புமாய், எண்ணெயைக் காணாத அந்த நிலையில் வடாத்துக்கு இருக்கும் ருசி பொரித்த பிறகு இருப்பதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். இதே அபிப்பிராயமுடைய தமையன்மார் காவலைப் பார்வையிட வந்து வந்து போவார்கள். மாலையில் குறைவு கண்டுபிடிக்கப்பட்டதும் காக்கை தின்றதும் தமையன்மார் தின்றதும் சேர்ந்து காவலாளி கணக்கில் எழுதப்படும். ஆட்டத்தில் கணக்கில் சேராதவரைத் தண்டனையில் மட்டும் சேர்த்துக்கொள்வது எந்தத் தர்ம சாஸ்திரத்தின்படி நியாயம் என்பதை வக்கீல்கள்தாம் சொல்லவேண்டும்.

இந்த ஸ்தானம் திண்ணையோடு நின்றுவிடவில்லை. ராஜாங்கமும் இதை அங்கீகரித்திருக்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் பயணச்சீட்டு வேண்டியதில்லை, தனிப் படுக்கையும் இல்லை. ஆயினும் முன்பதிவுப் படிவத்தில் அக்குழந்தையின் பெயரை எழுதத் தனியாக ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். ஒப்புக்குச் சேர்ப்பது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது துர்லபம். அவனுடைய தமையனுக்கோ, 2016 ஏப்ரல் 21 முதல், படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணமும் வேண்டுமென்றால் முழுக் கட்டணமும் வாங்கப்படுகிறது. முழுக் கட்டணம் கொடுத்த தமையன் நடுவில் நசுங்க, ஒரு காசும் கொடாத தம்பி ஜன்னலோரத்தில் வீற்றிருப்பதை எல்லா ரயிலிலும் காணலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயிலில், என்ஜின் முன்னே இழுக்காமல் பின்னே நின்று தள்ளுகிறது, தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையைச் சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுகிறது என்றெல்லாம் தகப்பனார் விளக்க, அந்த ஜன்னலை அநுபவிக்கும் புண்ணியவான் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி, எதிரிலிருப்பவரின் முறுக்குப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு வருவார்.

மந்திரிசபையிலும் இதன் சாயல் உண்டு என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொள்ளக்கூடும். 1950-இல் ராஜாஜி மத்திய மந்திரிசபையில் இலாகா இல்லாத மந்திரியாகச் சேர்ந்தார். சபையில் இடம் உண்டு, கையில் இலாகா இல்லை. அவர் ஒப்புக்கு இருக்கக்கூடிய மனிதரல்லர் என்பதை, அந்த ஆண்டு முடிவதற்குள் உள்துறையே அவரிடம் வந்து சேர்ந்தது காட்டிவிட்டது. திண்ணையிலும் அப்படித்தான். ஒப்புக்கு இருக்கிறவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மூத்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஸ்தானம் வயதினால் முடிவதில்லை. பின்னால் ஒருவர் பிறந்து, நடந்து, ஓலமிடத் தொடங்கினால்தான் முன்னவர் இறக்கப்படுவார். கடைக்குட்டியாகவே நின்றுவிட்டவர்கள் ஒன்பது வயதிலும் அதில் நீடித்ததுண்டு. இதில் விநோதம் என்னவென்றால், பதவியில் இருக்கும் நாளெல்லாம் அவர் வேண்டுவது ஒன்றே: தம்மையும் நிஜமாகச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது. வேண்டியது கிடைத்த முதல் கோடையில், முதல் ஓட்டத்திலேயே, முதுகில் ஓர் அடி விழுந்து, "நீ அவுட்டு" என்று நாலைந்து குரல்கள் ஒருமிக்கச் சொல்லும்போதுதான், நேற்றுவரை தாம் அநுபவித்தது சகல விதிகளுக்கும் அப்பாற்பட்ட ஒரு சக்கரவர்த்தி பதவி என்பது அவருக்கு விளங்குகிறது. அவர் அப்போது அழுவது தோற்றதற்காக என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்வார்கள். இரண்டு நாள் கழித்து, புதிய சப்பாணியின் காயைக் களத்தைவிட்டு விலக்கவேண்டும் என்று முதலில் வாதாடுகிறவரும் இவரே.

இப்போது அடுக்குமாடி வீடுகளில் ஒன்றோ இரண்டோ குழந்தைகளே இருக்க, அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் வேறு வேறு தேசங்களில் விடுமுறை கழிப்பதால், இந்த ஸ்தானம் காலியாகிவிட்டதோ என்று ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படலாம். கவலை வேண்டியதில்லை. தகப்பனார் அதில் அமர்ந்துவிட்டார். அவர் தாயம் போட்டாலும் செல்லாது, போடாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். அவர் ஒளிந்தால் யாரும் தேடுவதில்லை. ஐஸ்கிரீம் வாங்கிவரும் கடமை மட்டும் வடாம் காவலுக்குப் பதிலாக அவர்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. பழைய சப்பாணிகளுக்கும் இவருக்கும் ஒரே ஒரு பேதம் உண்டு. தம்மை நிஜ ஆட்டக்காரராக உயர்த்தவேண்டும் என்று எந்தத் தகப்பனாரும் இதுவரை மனுச் செய்துகொண்டதாகத் தெரியவில்லை. கட்டிலுக்கடியில் புகுந்த தம்மை வெளியே இழுக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கும் என்பதை அவர் அறிவார்.